ஏவுகணைகளும் ரேடாரின் இருப்பிடமும்

தினைப்புனம் காக்கப் புகுவோன் பரண் கட்டுமுன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, பரண் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதன்று. அதனை எங்கே இடுவது என்பதே. புனத்தின் நடுவில் இட்டால் நான்கு திசையும் சமமாகத் தோன்றும். ஆனால் யானை கதிரில் வாய் வைத்த பின்னரே கண்ணிற்படும். காட்டின் ஓரத்தில் இட்டால் யானை வரும் வழியிலேயே புலப்படும். ஆனால் அதன் காலில் முதலிற் சிக்குவது பரணே. அன்றியும், ஓர் ஓரத்தைக் காக்கும் பரண் மற்றோர் ஓரத்தைக் காவாது. இம் மூன்று உண்மைகளையும் மனத்திற் கொண்டால், இக் கட்டுரையின் பொருளிற் பாதி விளங்கிற்று என்றே சொல்லலாம்.

வானத்தைக் காக்கும் பொருட்டு ரேடார் நிலையம் அமைப்போர்க்கும் இதே கேள்வி எழுகின்றது. ரேடார் எவ்வளவு வலிய யந்திரம் என்பதைப் பலரும் வியந்து பேசுவர்; அஃது எங்கே நிற்கின்றது, எத்திசையை நோக்குகின்றது என்பனவற்றைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். ஆயினும், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஒன்று வருங்கால் ஒரு நாட்டிற்கு 11 நிமிஷ எச்சரிக்கை கிடைக்குமா, 26 நிமிஷ எச்சரிக்கை கிடைக்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இருப்பிடமே. அதனை ஈண்டுக் காட்ட முயல்வோம். பௌதிகம் பயிலாத நண்பர்களும் பின்தொடரும் பொருட்டுக் கணக்குகளின் முடிவை மாத்திரம் தருகின்றோம். பயின்றோர் தாமே கணித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எதிரொலியின் இயல்பு

மலைமுகத்தில் நின்று கூவுவோன் தன் குரலின் எதிரொலியைக் கேட்கின்றான். கூவியதற்கும் கேட்டதற்கும் இடைப்பட்ட காலத்தை அளந்தால் மலையின் தொலைவை அறியலாம். ரேடாரும் இவ்வாறே வானொலி அலைகளைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பி, பொருள்களின்மேற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கின்றது. இவ்வலைகள் விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்திற் செல்வன. ஆதலின் 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருளின் எதிரொலி விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கிலேயே வந்து சேரும்.

ஆனால் வந்து சேரும் எதிரொலி மிக மெலிந்தது. அனுப்பிய அலை செல்லுந்தோறும் விரிந்து, தொலைவின் வர்க்கத்திற்கேற்ப மெலிகின்றது. பொருளின்மேற் பட்டுத் திரும்புங்காலும் அவ்வாறே மீண்டும் விரிந்து மெலிகின்றது. இரண்டும் சேரவே, எதிரொலியின் வலிமை தொலைவின் நான்காம் படிக்குத் தலைகீழாக அமைகின்றது. தொலைவு இரட்டித்தால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகும். இதனைத் திருப்பிக் கூறின், ஒரு நிலையத்தைப் பாதித் தொலைவிற்கு முன்னே கொண்டுபோய் நிறுத்துவது, அதன் ஆற்றலைப் பதினாறு மடங்கு பெருக்குவதற்குச் சமம். இஃது இருப்பிடத்தின் முதற் சிறப்பு.

ஏவுகணையின் வழி

பாலிஸ்டிக் ஏவுகணை என்பது ஒருவகையில் எறிந்த கல்லே. அதன் எந்திரம் முதற் சில நிமிஷங்களே எரியும். பிறகு அது வாயுமண்டலத்தைக் கடந்து, பூமியின் ஈர்ப்பு ஒன்றிற்கே கட்டுப்பட்டு, நீள்வட்டப் பாதையொன்றிற் சென்று, ஈற்றில் மீண்டும் வாயுமண்டலத்துட் புகுந்து விழுகின்றது. நடுவிலுள்ள நெடும்பயணத்தில் அதற்குத் தன் விருப்பம் என்பது இல்லை. ஆகவே அப்பாதையிற் சில புள்ளிகளைச் செவ்வையாக அளந்துவிட்டால், எங்கிருந்து புறப்பட்டது, எங்கே விழும் என்னும் இரண்டையும் கணக்கிட்டுக் கூறிவிடலாம். ரேடார் காவலர்க்கு உள்ள பெருந்துணை இதுவே.

இவ்வகை ஆயுதம் முதன்முதலிற் போரில் வந்தது 1944இல். அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியரின் வி-2 ராக்கெட்டு ஒன்று லண்டன் நகரின் சிஸிக் பகுதியில் விழுந்தது. ஹாலந்து நாட்டுக் கடற்கரையோரம், ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட இவை, 80 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து, ஐந்தே நிமிஷத்தில் வந்து விழுந்தன. ஒலியினும் விரைந்து வந்தமையால், வெடித்த பின்னரே வரும் ஓசை கேட்டது. பிரிட்டனில் சுமார் 2,700 பேர் இவற்றால் மாண்டனர்.

இங்கிலாந்தின் கீழ்கரையிலும் தென்கரையிலும், போருக்கு முன்னரே தொடங்கி, 'செயின் ஹோம்' என்னும் ரேடார் வரிசை அமைக்கப்பட்டிருந்தது. 1940இல் ஜெர்மானிய விமானங்களை எதிர்த்து நடந்த வான்போரில் அது செய்த உதவி யாவரும் அறிந்ததே. அதே நிலையங்கள் வி-2 எழுவதையும் கண்டன. 300 கிலோமீட்டர் அப்பாலுள்ள ராக்கெட்டு 7 கிலோமீட்டர் உயர்ந்தவுடனே அடிவானத்திற்கு மேல் தோன்றிவிடுமன்றோ? கரையோரம் என்னும் இருப்பிடம் தக்கதாகவே இருந்தது. ஆனால் எஞ்சியிருந்த நான்கு நிமிஷத்தில், பெருநகரொன்றின் எப்பகுதியில் விழும் என்றறியாமல், மக்கட்கு எச்சரிக்கை விடுத்துப் பயனில்லை என்று அரசினர் கருதினர். காண்பது ஒன்று, கண்டதனாற் பயன் பெறுவது வேறொன்று என்பது அன்றே தெளிவாயிற்று.

பூமியின் முதுகு

வானொலி அலைகள், ரேடாருக்கு ஏற்ற குற்றலை வகையில், ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. பூமியோ உருண்டை. ஆகவே எவ்வளவு வலிய ரேடாரும் பூமியின் முதுகுக்கு அப்பால் மறைந்திருப்பதைக் காணாது. பொருள் உயர உயரவே நெடுந்தொலைவிலிருந்து தோன்றும். வாயுமண்டலத்தில் அலை சிறிது வளைவதை விட்டுவிட்டுக் கணித்தால், பொருள் 1 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பின் 113 கிலோமீட்டர் தொலைவிலும், 10 கிலோமீட்டர் உயரத்தில் 357 கிலோமீட்டர் தொலைவிலும், 100 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 1,130 கிலோமீட்டர் தொலைவிலும், 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 4,090 கிலோமீட்டர் தொலைவிலும் அடிவானத்தில் தலைகாட்டும்.

அப்படியாயின் ரேடாரை உயர்ந்த கோபுரத்தின்மேல் ஏற்றினாலென்ன என்று வினவலாம். விமானங்களைக் காண்பதற்கு அது பெரிதும் உதவும். ஏவுகணைகளைக் காண்பதற்கோ பயன் மிகச் சிறிது. 100 மீட்டர் உயரமுள்ள கோபுரம் காட்சித் தொலைவிற் கூட்டுவது 36 கிலோமீட்டரே. 2,500 மீட்டர் உயரமுள்ள மலையுச்சி கூட்டுவதும் 178 கிலோமீட்டரே. நான்காயிரம் கிலோமீட்டர்க் கணக்கில் இவை எம்மாத்திரம்? ஆகவே, ஏவுகணைக் காவலிற் பரணை உயர்த்துவதால் வரும் இலாபம் சிறிது. பரணை நகர்த்துவதால் வருவதே பெரிது.

ஒரு கணக்கு

இதனை எடுத்துக்காட்டொன்றால் விளக்குவோம். இரு நாடுகள் 10,000 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன என்று கொள்க. குறைந்த ஆற்றலால் அத்தொலைவைக் கடக்கும் பாதையில் எறியப்படும் ஏவுகணை, நடுவழியில் சுமார் 1,320 கிலோமீட்டர் உயரம் எழும்பி, ஏறத்தாழ 32 நிமிஷத்தில் இலக்கை அடையும்.

முதலில், ரேடாரை இலக்கின் அருகிலேயே நிறுத்துவோம். ஏவுகணை நடுவழியில் மிக உயர்ந்து நிற்கும்போதும் அடிவானத்திற்குக் கீழேயே மறைந்திருக்கும். ஏனெனின் 5,000 கிலோமீட்டர் அப்பாலுள்ளது தோன்றவேண்டுமானால் அது 2,600 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்திருத்தல் வேண்டும். அது முதன்முதல் தலைகாட்டுவது நிலப்பரப்பில் அளந்தால் 3,640 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,200 கிலோமீட்டர் உயரத்தில். அப்போது எஞ்சியிருக்கும் காலம் 11 நிமிஷம்.

இனி, அதே ரேடாரை இரு நாடுகளுக்கும் நடுவே, பாதையின் நேர் கீழே கொண்டுபோய் நிறுத்துவோம். ஏவுகணை புறப்பட்ட இடத்திலிருந்து 2,000 கிலோமீட்டர் வருமுன்னரே, சுமார் 770 கிலோமீட்டர் உயரத்தில், அது கண்ணிற்பட்டுவிடும். எஞ்சியிருக்கும் காலம் 26 நிமிஷத்திற்கு மேல். யந்திரம் அதுவே, வலிமையும் அதுவே, இடம் மட்டுமே மாறிற்று. காலமோ இரண்டு மடங்கிற்கு மேலாயிற்று.

இன்னும் ஒன்று காண்க. இலக்கின் அருகே நிற்கும் ரேடார் ஏவுகணையை முதலிற் காணும்போது நேர்த்தொலைவு 4,080 கிலோமீட்டர். நடுவழியில் நிற்கும் ரேடாருக்கோ 3,220 கிலோமீட்டர். மேற்கூறிய நான்காம் படி விதிப்படி, பிந்திக் காணும் ரேடாருக்கே இரண்டரை மடங்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். முந்திக் காண்பதும் எளிதிற் காண்பதும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. கற்றை அடிவானத்தைத் தொட்டுச் செல்லும் என்று கொண்ட கணக்கு இது. உண்மையில் நிலத்தின் மேடுபள்ளங்களையும் தரையிலிருந்து வரும் வீண் எதிரொலிகளையும் ஒதுக்கும் பொருட்டு, கற்றையைச் சுமார் 3 பாகை உயர்த்தியே செலுத்துவர். அதனால் இரு நிலையங்களுக்கும் காலம் சிறிது குறையும். பாதையைத் தாழ்த்தி எறிந்தால் இன்னும் குறையும்.

வடதுருவ வாயில்

சுவரில் தொங்கும் தேசப்படத்தை நோக்கினால், ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவிற்கு வழி அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே செல்வதுபோலத் தோன்றும். பூகோள உருண்டையை எடுத்து, மாஸ்கோவிற்கும் சிகாகோவிற்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, கிரீன்லாந்தின்மேல் விழக் காண்பீர்கள். சைபீரியாவிலிருந்து இழுத்தால் துருவத்தின் அருகேயே செல்லும். எறிந்த கல் செல்லும் வழியும் ஏறக்குறைய அதுவே.

ஆகவே அமெரிக்கர், ஏவுகணை முன்னெச்சரிக்கை நிலையங்கள் மூன்றை வடக்கே அமைத்தனர். கிரீன்லாந்தின் வடமேற்கில், 76ஆம் பாகைக்கு மேலுள்ள தூலே என்னுமிடத்தில் ஒன்று 1960இலும், அலாஸ்காவில் கிளியர் என்னுமிடத்தில் ஒன்று 1961இலும், இங்கிலாந்தின் யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் ஃபைலிங்டேல்ஸ் என்னுமிடத்தில் ஒன்று 1963இலும் இயங்கத் தொடங்கின. தூலேயில் நின்ற நான்கு தகடுகள் ஒவ்வொன்றும் 50 மீட்டர் உயரமும் 120 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ளன. அவை அசையாமல் நின்று, இரு வேறு உயரக் கோணங்களில் விசிறிபோன்ற இரு கற்றைகளை விரித்தன. ஏவுகணை கீழ் விசிறியைக் கடந்த நேரத்தையும் மேல் விசிறியைக் கடந்த நேரத்தையும் ஒப்பிட்டு, அதன் பாதையைக் கணித்தனர். அமெரிக்காவிற்கு இதனாற் கிடைத்த காலம் சுமார் 15 நிமிஷம். பகைவர்க்கு அண்மையிலிருந்த பிரிட்டனுக்கோ நான்கு நிமிஷம் என்றே அந்நாளில் மக்கள் பேசினர். அங்கே 'நான்கு நிமிஷ எச்சரிக்கை' என்பது ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இவ்விருப்பிடத்திற்கு மக்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. தூலேயின் விமானத்தளம் 1951இல் எழுந்தது. 1953இல், தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த இனுயிட் குடும்பங்கள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வடக்கேயுள்ள கானாக்கு என்னுமிடத்திற்குப் பெயர்க்கப்பட்டன. அவ்வெளியேற்றம் சட்டத்திற்கு முரணானது என்று டென்மார்க் நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1999இல். 1968 ஜனவரி 21ஆம் நாள், அந்நிலையத்தின் நலத்தை வானிலிருந்து கண்காணிக்கும் பணியிற் பறந்த பி-52 விமானம் ஒன்று, உள்ளே தீப்பற்றி, அருகிலுள்ள கடற்பனியின்மேல் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த நான்கு ஹைட்ரஜன் குண்டுகளின் கதிரியக்கப் பொருள் பனியிற் சிதறிற்று. காவற்காரனைக் காக்க மற்றொரு காவலும், அதனால் மற்றோர் ஆபத்தும் வேண்டியதாயிற்று. இத்தளத்திற்கு 2023இல் பிட்டுஃபிக் என்னும் கிரீன்லாந்து மொழிப் பெயர் மீண்டும் சூட்டப்பெற்றது.

நோக்குந் திசையும் பின்வாயிலும்

பழைய ரேடாரிற் பெருந்தட்டைச் சுழற்றியே திசை மாற்றவேண்டும். பின்வந்த நிலையங்களில், சாய்ந்த சுவரொன்றில் ஆயிரக்கணக்கான சிறு ஆண்டெனாக்களைப் பதித்து, ஒவ்வொன்றிலிருந்தும் அலை புறப்படும் நேரத்தைச் சிறிது முன்பின்னாக்கிக் கற்றையைக் கண்ணிமைப்பொழுதில் திருப்புகின்றனர். ஆயினும் அத்தகைய சுவர் ஒவ்வொன்றும் நோக்கக்கூடியது சுமார் 120 பாகையே. இரண்டு சுவர் உள்ள நிலையம் 240 பாகையைக் காணும். முதுகுப்புறம் குருடாகவே இருக்கும். 1992இல் புதுப்பிக்கப்பெற்ற ஃபைலிங்டேல்ஸ் நிலையத்திற்கு மூன்று சுவர்கள். அதனால் அது முழு வட்டத்தையும் காண்கின்றது. மற்றைய நிலையங்களை அமைப்போர் எப்பக்கத்தைக் குருடாக விடுவது என்பதையும் எண்ணியே இடம் தேர்தல் வேண்டும்.

குருட்டுப் பக்கத்தைப் பகைவன் தேடுவான் என்பது இயல்பு. வடவாயிலைக் காத்தபோது, நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகள் இரு சமுத்திரங்களின் பக்கமாகவும் வரக்கூடும் என்னும் நிலை ஏற்பட்டது. அதன்பொருட்டு மாஸச்சூஸெட்ஸில் கேப் காட் முனையிலும் கலிபோர்னியாவில் பீல் என்னுமிடத்திலும் கடல் நோக்கிய ரேடார்கள் 1980இல் இயங்கலாயின. இதற்கு முன்னரே சோவியத் நாட்டினர், துருவவழியை விட்டு, பூமியைச் சுற்றித் தெற்கிலிருந்து வந்து விழும் ஆயுதமொன்றை ஆக்கி, 1969 முதல் 1983 வரை வைத்திருந்தனர். வடக்கு நோக்கிய நிலையங்கள் எத்துணை வலியனவாயினும் அதற்கு விடையாகா. புனத்தின் வடக்கே மூன்று பரண் இட்டவன் தெற்கு வேலியை மறத்தல் ஆகாது.

நோக்குங் கோணத்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. கூம்பு வடிவமான ஆயுதமுனை நேர் எதிரே வருங்கால் மிகச் சிறிய எதிரொலியே தரும். பக்கவாட்டில் நோக்கினால் அது பெருகும். எந்திரத்தோடு கூடி எழும் முழு ஏவுகணையோ இன்னும் பெரிதாகத் தோன்றும். இலக்கில் நிற்பவன் காண்பது கூரிய முனையை. ஏவுமிடத்தின் அருகே, பக்கத்தில் நிற்பவன் காண்பது முழு உடலை. ஜப்பானின் ஷாரிக்கியில் 2006இலும், துருக்கியின் கூரெஜிக்கில் 2012இலும் அமெரிக்கர் ரேடார்களை முன்னே கொண்டுபோய் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இவை சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தைப் பயன்படுத்தி, பொருள்களின் வடிவத்தை நுணுகி நோக்குவன. பழைய பெருநிலையங்கள் சுமார் 70 சென்டிமீட்டர் அலைநீளத்தால் அகன்ற வானத்தைத் துழாவுவன. ஒன்று வாயிற்காவலன், மற்றொன்று வந்தவன் முகத்தை அருகிருந்து பார்ப்பவன். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்துவது அறிவன்று.

சட்டம் வகுத்த இடம்

ரேடாரின் இருப்பிடத்தைப் பௌதிகம் மட்டுமன்றி உடன்படிக்கையும் வகுத்த வரலாறு ஒன்று உண்டு. 1972இல் அமெரிக்காவும் சோவியத் நாடும், ஏவுகணைகளை இடைமறிக்கும் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. அதன் ஆறாம் விதிப்படி, இனி அமைக்கும் முன்னெச்சரிக்கை ரேடார்கள் நாட்டின் எல்லையோரத்திலேயே, வெளிநோக்கியே நிற்றல் வேண்டும். இவ்விதியின் கருத்து நுட்பமானது. எல்லையோரத்தில் வெளிநோக்கி நிற்கும் ரேடார், வருவதை அறிவிக்கும்; ஆனால் ஏவுகணை தலைக்கு மேலே கடந்து உள்ளே சென்றபின் அதற்குக் கண் இல்லை. நாட்டின் நடுவில் நிற்கும் பெரிய ரேடாரோ, வரும் ஆயுதத்தைத் தொடர்ந்து நோக்கி, இடைமறிக்கும் கணைகளுக்கு வழிகாட்டவும் வல்லது. ஆகவே இடத்தைப் பார்த்தே நோக்கத்தை ஊகிக்கலாம் என்று விதி வகுத்தோர் கருதினர்.

1983இல் அமெரிக்கச் செயற்கைத் துணைக்கோள்கள், சைபீரியாவில் கிராஸ்னோயார்ஸ்க் பகுதியில் ஒரு பெரும் ரேடார் கட்டப்படுவதைக் கண்டன. அஃது எல்லையிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால், உள்நாட்டில், வடகிழக்கு நோக்கி நின்றது. அதன்முன் பல்லாயிரம் கிலோமீட்டர் சோவியத் நிலமே பரந்து கிடந்தது. விண்வெளிப் பொருள்களைக் காணும் கருவி அது என்று சோவியத் அரசினர் சொல்லிவந்தனர். உண்மை வேறு. வடபசிபிக் சமுத்திரத்து நீர்மூழ்கிகளிலிருந்து ஏவுகணைகள் வரக்கூடிய வடகிழக்குத் திசை அவர்களுக்குக் குருட்டுப் பக்கமாக இருந்தது. விதிப்படி கட்டவேண்டிய வடகிழக்குக் கரையோ ஆண்டு முழுதும் உறைந்த நிலம், சாலையும் இருப்புப்பாதையும் இல்லாதது, செலவு மிகுந்தது. ஆதலின் வசதியான இடத்தைத் தேர்ந்தனர். ஆறாண்டு வாதத்திற்குப் பின், 1989 அக்டோபரில் வெளிநாட்டமைச்சர் ஷெவர்ட்நாட்சே, அது உடன்படிக்கையை மீறியதே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ரேடார் இடிக்கப்பட்டது. யந்திரத்தில் யாதொரு குற்றமும் இல்லை, இடமே குற்றம்.

இக்கதைக்கு ஓர் எதிர்பாராத முடிவும் உண்டு. எல்லையோரத்திலேயே அமைக்கப்பட்ட மற்றைய சோவியத் ரேடார்கள், 1991இல் அந்நாடு பல நாடுகளாகப் பிரிந்தபோது, வெளிநாட்டு மண்ணில் நின்றன. லாட்வியாவின் ஸ்க்ருந்தா நிலையத்தில் முற்றுப்பெறாத புதிய கட்டடம் 1995இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பழைய ரேடார் 1998இல் நிறுத்தப்பட்டது. அஜர்பைஜானின் கபாலா நிலையத்தை ரஷ்யா 2012இற் கைவிட்டது. இழந்த பார்வையை ஈடு செய்ய லெஹ்துசி, அர்மாவீர், கலினின்கிராட் முதலிய இடங்களிற் புதியன எழுந்தன. 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்தோ அமெரிக்கா 2002இல் விலகிக்கொண்டது. 2024 மே மாதத்தில் அர்மாவீர் ரேடார் ஆளில்லா விமானத் தாக்குதலிற் சேதமடைந்தது. காட்டோரத்துப் பரணுக்கே முதல் ஆபத்து என்று தொடக்கத்திற் கூறியதை ஈண்டு நினைவுகூர்க.

பொய்க்குரல்

முந்திக் காண்பதனால் நன்மை மட்டுமே உண்டென்று எண்ணற்க. தூலே நிலையம் இயங்கத் தொடங்கிய 1960ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 5ஆம் நாள், ஏவுகணைத் திரள் ஒன்று வருவதாக அஃது அறிவித்தது. வந்தது ஏவுகணையன்று, நார்வே நாட்டுப் பக்கத்தில் அடிவானத்திற்கு மேல் எழுந்த சந்திரன்! சந்திரனின் தொலைவு 3,84,000 கிலோமீட்டர். அங்கிருந்து எதிரொலி திரும்ப இரண்டரை விநாடி செல்லும். சில ஆயிரம் கிலோமீட்டரையே எண்ணி அமைத்த யந்திரம், காலங்கடந்து வந்த அவ்வெதிரொலியை அண்மையிலுள்ள பொருளினது என்று கொண்டது. அடிவானத்தை நோக்கி நிற்பவன் அங்கே உதிப்பன யாவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அமைத்தோர் மறந்தனர். அந்நாளிற் சோவியத் தலைவர் குருஷேவ் நியூயார்க்கிலேயே தங்கியிருந்தமையும் ஐயத்திற்கு இடந்தந்தது. பதிலடி எதுவும் நிகழவில்லை.

1983 செப்டம்பர் 26ஆம் நாள் சோவியத் துணைக்கோள்கள், அமெரிக்காவிலிருந்து ஏவுகணைகள் புறப்பட்டதாகத் தெரிவித்தன. உயர்ந்த மேகங்களிற் பட்ட ஞாயிற்றொளியே அவ்வாறு மயக்கிற்று. காவற்பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி, அதனைப் பொய்யென்று கருதி அவ்வாறே மேலிடத்திற்கு அறிவித்தார். தரையிலுள்ள ரேடார்கள் எதையும் காணவில்லை என்பது பின்னர் அவர் கருத்தை உறுதிப்படுத்திற்று. வேறு இடத்தில், வேறு முறையில் நோக்கும் இரண்டாம் கண்ணின் அருமை இதனால் விளங்கும்.

1995 ஜனவரி 25ஆம் நாள் நார்வேயின் ஆண்டோயாவிலிருந்து துருவ ஒளியை ஆராயும் ராக்கெட்டு ஒன்று ஏவப்பட்டது. அது சுமார் 1,450 கிலோமீட்டர் உயரம் எழும்பியது. ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள ஓலெனெகோர்ஸ்க் ரேடார் அதனை உடனே கண்டது. முன்னறிவிப்புக் கடிதம் ரஷ்ய அரசினர்க்கு அனுப்பப்பட்டிருந்தும் ரேடார்க் காவலர்க்கு எட்டவில்லை. அணுவாயுதக் கட்டளைப் பெட்டி ஜனாதிபதி யெல்ட்ஸினிடம் கொண்டுவரப்பட்டது. சில நிமிஷங்களில், அது ரஷ்யாவை நோக்கி வரவில்லை என்று பாதை காட்டிற்று. எழுமிடத்தின் அருகே நிற்கும் ரேடார், எழுவதை முதலிற் காணும். ஆனால் எங்கே செல்கின்றது என்பதை அறிய அதற்கும் சிறிது காலம் வேண்டும். அச்சிறு காலத்தில் மனிதன் பொறுத்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பூமியின் வளைவினால், முன்னே நிற்கும் ரேடார் முந்திக் காண்கின்றது. நான்காம் படி விதியால், அண்மையில் நிற்பது எளிதிற் காண்கின்றது. ஒரு திசையை நோக்குவது மற்றொரு திசைக்குக் குருடாகின்றது. எல்லையில் நிற்பது முதலில் ஆபத்துக்குள்ளாகின்றது. உள்ளே நிற்பது பிறர்க்கு ஐயத்தை விளைக்கின்றது. தனித்து நிற்பது பொய்க்குரல் எழுப்பினால் அதனை மறுப்பாரில்லை. ஆகவே நல்ல இருப்பிடம் என்பது ஓர் இடமன்று. ஒன்றையொன்று சரிபார்க்கும் பல இடங்களின் ஒழுங்கு.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலிற் காவற்காரனின் கடமை கூறப்படுகின்றது: பட்டயம் வரக்கண்டும் எக்காளம் ஊதாதவன்மேல் பழி சாரும் என்பது அதன் கருத்து. நம் காலத்துக் காவற்காரனுக்கோ கடமை இரட்டித்தது. வருவதைக் கண்டு ஊதாதிருத்தலும் குற்றம். வாராததைக் கண்டதாக ஊதுதலும் குற்றம். பின்னதன் பழி ஓர் ஊரளவில் நில்லாது. 26 நிமிஷம் கிடைத்தால், ஐயுறவும், மீண்டும் நோக்கவும், மற்றொரு நிலையத்தைக் கேட்கவும் காலம் உண்டு. 11 நிமிஷமே கிடைத்தால் அவற்றிற்கு இடமில்லை. ரேடாரைத் தக்க இடத்தில் நிறுத்துவதன் மெய்யான பயன், விரைந்து பதிலடி கொடுப்பதன்று. விரையாமல் இருக்கக் காலம் பெறுவதே. பௌதிக சாஸ்திரம் அந்நிமிஷங்களைத் தேடித் தந்துள்ளது. அவற்றை எவ்வாறு செலவிடுவது என்பதைக் கற்பிக்க வேண்டியவை வேறு கல்விகள். அவற்றிற்கும் நம் கல்லூரியில் இடமுண்டு என்பதை மாணவ நண்பர்கள் மறவாதிருப்பார்களாக.